ஒன்றில் நின்ற முள்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பும் வயதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதைக்குள் வர வேண்டாம். இதில் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெண். பேர் கலாமணி. சீடருக்கு ஐம்பத்து நாலு வயது, பேர் அர்த்தநாரி, கூடவே சர்க்கரை வியாதி.

கருமலை அடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் கலாமணியின் பட்டறை. டர்போ வேலை மட்டும்தான் பார்ப்பாள். டர்போ என்பது ஒரு காற்றாடி. இஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று இன்னும் கொஞ்சம் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். மலை ஏறுகிற டீசல் வண்டிக்கு அதுதான் உயிர்.

அர்த்தநாரி இருபத்தெட்டு வருஷம் டீசல் பம்ப் கழற்றி மாட்டியவர். அவர் பழகிய வண்டிகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"எனக்கும் கத்துக் குடுங்க அம்மணி."

கலாமணி யோசிக்கவே இல்லை. "கையக் கழுவிட்டு வாங்கண்ணா" என்றாள். "ஒரு மண்ணு உள்ள போனாப் போதும், காத்தாடி போச்சு."

அதற்கப்புறம் நாலு வருஷம் ஓடிவிட்டது. அவரும் தேறித்தான் இருந்தார்.

அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். காற்றழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் எண்ணை மட்டும் சொல்வார்கள். டயருக்கு முப்பத்திரண்டு. கம்ப்ரசருக்கு எட்டு. டர்போவுக்கு ஒண்ணு ரெண்டு, அதாவது ஒன்று புள்ளி இரண்டு, புள்ளியைக்கூட விழுங்கிவிடுவார்கள். டயருக்குச் சொன்னது பவுண்டு, கம்ப்ரசருக்குச் சொன்னது கிலோ, டர்போவுக்குச் சொன்னது பார் என்கிற அளவு. ஒருத்தராவது வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டுமே. சொன்னால் காசா கேட்கப் போகிறார்கள்? இருந்தாலும் சொல்லமாட்டார்கள். பழக்கம்.

மகுடேசன் செத்துப் பதினோராம் நாள்தான் அர்த்தநாரி அந்த மீட்டர் முள்ளைப் பார்த்தார்.

மகுடேசன் அவருடைய தங்கை பாவாயியின் ஒரே மகன். இருபத்தாறு வயது. மலைமேல் இருக்கிற சனங்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கொண்டுவந்து விடுகிற வாடகைக் கார் வைத்திருந்தான். அன்றைக்கு ஆளுக்குப் பதிலாகச் சிமெண்ட் பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். இருபத்தேழாம் வளைவில் வண்டி இழுக்காமல் நின்றது. பின்னால் உருண்டது. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

போலீஸ்காரர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். கைப்பிரேக் பிடிக்கவில்லை. பின் டயர் மொட்டை. லோடு அதிகம். மூடுபனி. எல்லாம் உண்மை. வண்டி ஏன் இழுக்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பத்து மூட்டை சிமெண்டுக்கு எந்த வண்டிதான் இழுக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அர்த்தநாரியால் விட முடியவில்லை. ஏனென்றால் விபத்துக்கு நாலு நாள் முன்னால்தான் அந்த வண்டியில் அவர் கை வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். மகுடேசனுக்கு மீட்டர் என்றால் பைத்தியம். பழைய சாமான் கடையில் ஒரு பூஸ்ட் மீட்டர் வாங்கி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கிறது என்று காட்டுகிற மீட்டர். கரண்டு வேண்டாம், ஒயர் கிடையாது, பின்னால் ஒரு சன்னக் குழாய் மட்டும். முகத்தில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போய் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களும் நடுவில் சின்னக் கோடுகளும்தான் மிச்சம். மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நேர்ரோட்டில் விரட்டினான். முள் இரண்டைத் தாண்டி இரண்டு கோடு போய் நின்றது.

அர்த்தநாரி குனிந்து கோடுகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். அந்த வண்டிக்கு ஒண்ணு ரெண்டுதான் கணக்கு. இது ரெண்டு ரெண்டு காட்டுகிறது. இஞ்சின் வெடித்தால் பையன் என்ன ஆவான்? பட்டறைக்குத் திருப்பச் சொன்னார். அதிகப்படிக் காற்றை வெளியே விடுகிற கதவு ஒன்று டர்போவில் உண்டு. அந்தக் கதவின் கம்பியைத் திருகித் திருகி நீட்டி, கதவு சீக்கிரமே திறந்துகொள்ளும்படி வைத்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். முள் ஒன்று புள்ளி இரண்டுக்கு மேல் போகவில்லை. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. வண்டியை நிறுத்தின பிறகு முள்ளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இழுவை கம்மியாயிருச்சுங்க மாமா" என்றான் மகுடேசன்.

"உசுரு இருந்தாப் போதும். மெதுவாப் போ" என்றார்.

சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

நொறுங்கிய வண்டியைக் கிரேன் வைத்துத் தூக்கி, பட்டறைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் போட்டிருந்தார்கள். பதினோராம் நாள் மத்தியானம், வெயில் உச்சியில் இருக்கும்போது, மகுடேசனின் செருப்பு உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கப் போனார் அர்த்தநாரி. செருப்பு இல்லை. மீட்டர் இருந்தது. கண்ணாடிகூட உடையவில்லை.

முள் ஒன்றில் நின்றது.

பேட்டரியைக் கழற்றிப் பட்டறைக்குள் வைத்துப் பத்து நாள் ஆயிற்று. இஞ்சின் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அவர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். முள் லேசாக நடுங்கி, மறுபடி ஒன்றிலேயே நின்றது. குனிந்து கீழே பார்த்தார். தகரம் மடிந்து ஆக்சிலேட்டரைப் பாதி அமுக்கிப் பிடித்திருந்தது. யாரோ காலை வைத்திருப்பதைப் போலவே இருந்தது.

அவருக்கு முதுகில் வேர்த்துக் கொட்டியது. ஓடவும் முடியவில்லை. "மகுடேசா" என்றார். மரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

உள்ளே வந்து, வேலையில் இருந்த கலாமணியின் முன்னால் நின்றார்.

"அம்மணி, இஞ்சின் நின்னா முள்ளு எங்க நிக்கோணும்?"

"எந்த முள்ளு?"

"பூஸ்ட் மீட்டர் முள்ளு."

"நம்ம மீட்டருன்னா ஜீரோல."

"ஒண்ணுல நின்னா?"

கலாமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "எந்த வண்டிங்கண்ணா?"

அவர் திரும்பினார். பின்பக்கம் கையைக் காட்டினார்.

அவள் எழுந்து போனாள். நெடுநேரம் அந்த நொறுங்கிய ஜன்னலோரமே நின்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. குழாயடியில் கை கழுவினாள். கையில் கிரீஸ் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அர்த்தநாரிக்கு வேலை ஓடவில்லை. காலையில் வந்ததும் வேப்ப மரத்தடிக்குப் போவார். சாப்பிடப் போகும்போது ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. மீட்டருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். கண்ணாடியில் திருநீறு பூசினார். முள் ஒன்றை விட்டு இறங்குவேனா என்றது.

ஒரு நாள் மட்டும் இறங்கியது. காலையிலிருந்தே இலை அசையாத புழுக்கம். கிழக்கே கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் முள் ஒரு முள் கனத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் தெரிந்திருக்காது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், இவருக்குத் தெரிந்தது. சாயந்திரம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்தபோது முள் பழையபடி ஏறி ஒன்றில் வந்து நின்றது.

"மூச்சு விடறான் அம்மணி" என்றார். "மழைக்கு முந்தி அவனுக்கு மூச்சு முட்டுது. சின்ன வயசுல இருந்தே வீசிங் அவனுக்கு."

கலாமணி அவரைப் பார்த்தாள்.

"நான் செஞ்சது சரிதானே அம்மணி? ரெண்டு ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு ரெண்டுக்குக் கொண்டாந்தேன். கணக்கு அதுதானே? அப்புறம் எதுக்கு அவன் கால எடுக்காம உக்காந்திருக்கான்? என்கிட்ட என்னதான் கேக்கறான்?"

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போலாங்கண்ணா" என்றாள் கலாமணி. "அந்த மீட்டரக் கழட்டி எடுத்துக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

வெள்ளிக்கிழமை காலையில் கழற்றினார். குழாயைப் பிடுங்கியதும் முள் விழுந்துவிடும், விழுந்தால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம், என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பிடுங்கினார். முள் விழவில்லை. உள்ளங்கையில் எடுத்து வைத்தார். வண்டியும் இல்லை, குழாயும் இல்லை. ஒன்று. கலாமணி ஒரு துண்டை நீட்டினாள். பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பதினோரு மணி பஸ். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் கலாமணி. மடியில் துண்டு. ஐந்தாம் வளைவு தாண்டியதும் மனசு கேட்காமல் துண்டை விலக்கிப் பார்த்தார். ஒன்று. ஒன்பதாம் வளைவில் மறுபடி பார்த்தார். முள் கோட்டில் இல்லை. கொஞ்சம் கீழே இருந்தது.

"அம்மணி."

"பாருங்க. பாத்துக்கிட்டே வாங்க."

பதினெட்டாம் வளைவில் இன்னும் கீழே. யாரும் தொடவில்லை. தட்டவில்லை. பஸ் ஏற ஏற அது பாட்டுக்கு இறங்கியது. வெளியே மூடுபனி கட்ட ஆரம்பித்தது. டிரைவர் லைட்டைப் போட்டுக்கொண்டார்.

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னங்க அது, பிரஷர் பாக்கற மிஷினுங்களா?"

"ஆமாங்க" என்றாள் கலாமணி.

"யாருக்குப் பிரஷரு?"

"எல்லாருக்குந்தாங்க."

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் திரும்பிக்கொண்டாள்.

"கால எடுக்கறான் அம்மணி" என்றார் அர்த்தநாரி மெதுவாக. "கீழ இருந்த வரைக்கும் எடுக்கல. அவன் எடம் நெருங்க நெருங்க கொஞ்சங் கொஞ்சமா எடுக்கறான்."

இருபத்தேழாம் வளைவில் இறங்கினார்கள். பஸ் போனதும் பனி அந்த இடத்தை மூடிக்கொண்டது. உடைந்த தடுப்புச் சுவருக்குப் பதிலாகக் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை. அர்த்தநாரி அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. எழவுக்குக்கூட அவர் வேறு வழியாகச் சுற்றித்தான் போயிருந்தார்.

"படிங்கண்ணா" என்றாள் கலாமணி.

துண்டை விலக்கினார். "ஒம்பது. பூஜ்யம் புள்ளி ஒம்பது."

"கொழாய் எதுலயாவது மாட்டியிருக்கா?"

"இல்ல."

"அப்ப யாரு அமுக்கறது?"

"அவன்தான்."

கலாமணி கிட்டே வந்தாள். தோள்பையிலிருந்து டயருக்குக் காற்றுப் பார்க்கிற கேஜை எடுத்து அவர் மற்ற கையில் வைத்தாள். "இதப் படிங்க."

"ஜீரோ."

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு. ஒரே காத்துல இருக்கு. ஒண்ணு ஜீரோங்குது. ஒண்ணு ஒம்பதுங்குது. எது பொய் சொல்லுது?"

அவர் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டையும் கீழ வெச்சுட்டுக் கைய நீட்டுங்க."

நீட்டினார். பனி ஈரம் உள்ளங்கையில் பட்டது.

"உங்க கை மேல இப்ப ரெண்டு மூட்டை நெல்லு கனத்துக்குக் காத்து உக்காந்திருக்கு. தெரியுதுங்களா?"

"இல்லியே."

"கைக்குக் கீழயும் அதே காத்து அதே அளவுக்குத் தூக்கிப் பிடிச்சிருக்கு. பொறந்ததுல இருந்து அப்படித்தான். பழகிப் போச்சு. அதனால ஒண்ணுமில்லைங்கறோம். டயர் மீட்டரு நம்மள மாதிரி. ஊருல இருக்கற காத்த ஜீரோன்னு வெச்சுக்கிட்டு, அதுக்கு மேல எவ்வளவுன்னு மட்டும் சொல்லும். மகுடேசன் வாங்குன மீட்டரு வேற சாதி. அது எதையும் ஜீரோன்னு தள்ளி வெக்காது. காத்தே இல்லாத வெறும் எடத்துல இருந்து எண்ணும். செத்த வண்டியில இருந்தாலும், உங்க மடியில இருந்தாலும், இந்த ஊருக் காத்து என்ன கனமோ அதச் சொல்லிக்கிட்டே இருக்கும். கீழ ஒண்ணு. மலையேறினாக் காத்து மெலிசு. இங்க ஒம்பது. புயல் வந்தா ஒரு முடி கொறையும்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"அப்ப அவன் இல்லையா?" என்றார். குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. இருபது நாளாகப் பயந்து செத்த ஆளுக்கு, இல்லை என்றதும் வந்தது நிம்மதி இல்லை.

அவர் மனசுக்குள் மெக்கானிக் விழித்துக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு ரெண்டு ரெண்டு காட்டுச்சே" என்றார் அர்த்தநாரி.

"ஆமாங்க."

"அதுல ஊர்க் காத்து ஒண்ணு."

"ஆமாங்க."

"டர்போ குடுத்தது ஒண்ணு ரெண்டு. சரியாத்தான் இருந்திருக்கு."

"ஆமாங்க."

"நான் ஒண்ணு ரெண்டுக்குக் கொறச்சேன்." விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். "அதுலயும் ஊர்க் காத்து ஒண்ணு."

அவள் இந்தத் தடவை ஆமாம் சொல்லவில்லை.

"பூஜ்யம் புள்ளி ரெண்டு. அவனுக்கு நான் விட்டு வெச்சது பூஜ்யம் புள்ளி ரெண்டு. மூணு பவுண்டுகூட இல்லை. சைக்கிள் டியூப் ஊதறதுக்குக்கூடப் பத்தாது." ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "இழுவை கம்மிங்க மாமான்னானே. வாயத் தொறந்து சொன்னானே அம்மணி."

அழுகை வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழ் வளைவிலிருந்து ஒரு வண்டி ஏறி வருகிற சத்தம். முதல் கியரில் முக்கி முக்கி வந்தது. லோடு வண்டி என்று கேட்டாலே தெரிந்தது. கலாமணி ஒதுங்கி மலைச்சுவரோடு ஒட்டி நின்றாள். அர்த்தநாரியையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டாள். சத்தம் கிட்டே வந்தது. வளைவுக்கு வந்துவிட்டது. பனிக்குள் லைட்டு தெரியும் என்று பார்த்தார்கள். தெரியவில்லை. இஞ்சின் திணறியது, இன்னும் ஒரு தடவை திணறியது, நின்றுவிட்டது.

வண்டி வரவில்லை.

இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றபடியே இருந்தார்கள். கீழே எவனாவது நிறுத்தியிருப்பான், மலைக்குள் சத்தம் எங்கிருந்தோ எப்படியோ கேட்கும். அர்த்தநாரி குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் ஆடவே இல்லை. ஒன்பதிலேயே நின்றது. கலாமணியின் பிடி அவர் மணிக்கட்டில் தளரவில்லை. அவள் விரல் சில்லிட்டுப் போயிருந்ததை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

"மேல பாவாயி வீடு ரெண்டு வளைவுதான்" என்றார் அவர், சும்மா நிற்க முடியாமல்.

"போலாங்க."

நடந்தார்கள். பாதி தூரத்தில் அவர் நின்றுவிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் அம்மணி. கைப்பிரேக்க அவன் மாத்தலை. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். டயரு மொட்டை. பத்து மூட்டை ஏத்தச் சொல்லி நானா சொன்னேன்? பனி வேற. இதெல்லாம் எப்பவும் இருக்கறதுதான. இந்த மலையில ஓடற எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான. இதையெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா என் தப்பு கொஞ்சந்தான இருக்கும்? அந்தக் கொஞ்சத்தப் போயி பெத்தவகிட்டச் சொல்லித்தான் ஆகணுமா?"

கலாமணி முன்னால் நடந்துகொண்டே சொன்னாள்.

"மீட்டருதாங்கண்ணா கழிச்சுக் காட்டும். காத்து கழிக்கறதில்லை."

அவர் காலை எடுத்து எடுத்து வைத்தார்.

பாவாயி வாசலில் மிளகு காயப்போட்டிருந்தாள். வெயிலே இல்லை, இருந்தும் போட்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து, கலைந்த முடியை முடிந்துகொண்டாள். பாதி ஆளாகியிருந்தாள்.

"வாங்கண்ணா. வாங்க அம்மணி." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் சொம்பைத் தூக்கிக் குடிக்கும்போது கேட்டாள்: "வர்ற வழியில வண்டிச் சத்தம் கேட்டுதுங்களா?"

அர்த்தநாரி பாதியில் நிறுத்திச் சொம்பைக் கலாமணியிடம் கொடுத்தார்.

"தெனமும் இந்நேரத்துக்குக் கேக்குதுங்கண்ணா. கீழ் வளைவு வரைக்கும் வருது. முக்குது. அப்புறம் நின்னுருது. பக்கத்து வீட்டுல கேட்டா ஒண்ணும் கேக்கலையேங்கறாங்க. நான் ஒருத்திதான் வாசல்ல வந்து வந்து நிக்கறேன். ஏன் அவனால ஏற முடியல? அதுதாங்கண்ணா எனக்குத் தெரியணும். அத யாராச்சும் சொல்லிட்டாங்கன்னா நான் வீட்டுக்குள்ள போயிருவேன்."

அவர் துண்டை அவிழ்த்தார். மீட்டரை அவள் முன்னால், மிளகுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் ரெண்டு ரெண்டு காட்டியது, தான் பயந்தது, கம்பியை நீட்டியது, அவன் இழுவை இல்லை என்றது, தான் மெதுவாப் போ என்றது. கைப்பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை. டயரைப் பற்றிச் சொல்லவில்லை. மூட்டையைப் பற்றியும் சொல்லவில்லை. "அவனால ஏற முடியாம நான்தான் பண்ணிட்டேன் பாவாயி" என்று முடித்தார்.

பாவாயி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கைப்பிரேக்கு இல்லாமத்தான் ஆறு மாசமா ஓட்டினான்" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியும். கல்லு வெச்சு நிறுத்திக்கறேம்மான்னான். சரிடா கண்ணுன்னேன்." மிளகைக் கையால் தள்ளினாள், கூட்டினாள். பிறகு அண்ணனைத் தாண்டிக் கலாமணியைப் பார்த்தாள். "அம்மணி, நீங்க படிச்சவங்க. இந்த வேலையில பெரியவங்க. எங்கண்ணன் துக்கத்துல எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கறாரு. நீங்க சொல்லுங்க. இவர் பங்கு இதுல எவ்வளவு?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தார்.

கலாமணி சொம்பைக் கீழே வைத்தாள். வாசலில், ஈர மண்ணில், பாவாயிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"வண்டிய வெளிய விடறதுக்கு முந்தி நான் அண்ணன்கிட்ட எத்தனை வெச்சீங்கன்னு கேட்டேங்க அக்கா. ஒண்ணு ரெண்டுன்னாரு. எதுல இருந்து எண்ணுன ஒண்ணு ரெண்டுன்னு நான் கேக்கலைங்க."